மாதம் 13,633 கட்டினால் அசலில் குறைவது 365 ரூபாய்

9 ஏப்ரல் 2023, வாசகர் ஒருவரின் கேள்வி

"வீட்டுக் கடன்தான் இருப்பதிலேயே மலிவான கடன். அதை அவசர அவசரமாக அடைப்பவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். மிஞ்சுகிற பணத்தை எஸ்ஐபியில் (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில்) போட்டால் இருபது வருடத்தில் கடனும் முடியும், கையிலும் ஒரு தொகை நிற்கும். மறுப்பவர்கள் உண்டா?"

11 ஏப்ரல் 2023

மலிவா? என் ஏப்ரல் மாதக் கணக்கைச் சொல்கிறேன். 5ஆம் தேதி போன இஎம்ஐ 13,633. அதில் வட்டி 13,268. அசலில் குறைந்தது 365 ரூபாய். எங்கள் தெருக் கடையில் ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெய் அதைவிட விலை கூடுதல்.

ஊரப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். 2021 மார்ச்சில் 18 லட்சம் கடன், 20 வருடம், 6.7 சதவீதம். அன்றைக்கு ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4. என் வட்டி அதை ஒட்டித்தான் ஏறி இறங்கும். "இவ்வளவு குறைஞ்ச வட்டி உங்க அப்பா காலத்துல கிடையாது சார்" என்று மேலாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பொய் இல்லை. அது ஏறும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2022 மே முதல் இந்தப் பிப்ரவரிக்குள் ஆறு தடவை ஏற்றி ரெப்போ 6.5க்கு வந்துவிட்டது. என் வட்டி இப்போது 9.2. இஎம்ஐ மட்டும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மாறியிருந்தால் எப்போதோ கவனித்திருப்பேன். வங்கி சத்தமில்லாமல் மாதங்களை நீட்டிக்கொண்டே போயிருக்கிறது.

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். இதே வட்டி, இதே இஎம்ஐ என்றால் இன்னும் 474 மாதம். 2041இல் முடிய வேண்டியது 2062க்குப் போகிறது. எனக்கு அப்போது வயது 77.

12 ஏப்ரல் 2023

"474 மாதம் வர வாய்ப்பே இல்லை, தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று இரண்டு பேர். நானும் அப்படித்தான் நினைத்து மூன்று தடவை போட்டேன். நிலுவை 17.30 லட்சம். அதற்கு 9.2 சதவீதம் என்றால் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வட்டி. நான் வருடத்துக்குக் கட்டுவதே 1.63 லட்சம்தான். மீதி என்ன இருக்கிறது குறைய? இன்னும் கால் சதவீதம் ஏறினால் அசல் குறைவது கிட்டத்தட்ட நின்றுவிடும், அதற்கு மேல் ஏறினால் அசல் கூடவே ஆரம்பித்துவிடும்.

எஸ்ஐபி பற்றி: எனக்கு அதில் விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே 12 சதவீதம் என்பது நம்பிக்கை. இங்கே 9.2 என்பது மாதாமாதம் என் கணக்கிலிருந்து போகிறது.

3 மே 2023

2021இல் 5.4 சதவீதத்துக்குப் போட்ட இரண்டு லட்ச ரூபாய் எஃப்டி (நிலையான வைப்பு) ஒன்று இருந்தது. அதே வங்கியில்தான். அவர்களிடம் 6.7இல் ஆரம்பித்து 9.2 வரை வட்டிக்கு வாங்கி அவர்களுக்கே 5.4க்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு வருடமாக. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, பரவாயில்லை.

உடைத்துக் கடனில் கட்டப் போனேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர், "பகுதி அடைப்புக்கு ரெண்டு பர்சன்ட் சார்ஜ் சார்" என்றார். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லியாகிவிட்டது. சொன்னேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "இல்ல சார், அது ஃபிக்ஸட் ரேட்டுக்கு" என்றார். சரி. அடுத்து, "இஎம்ஐயைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?" இங்கேதான் தூங்கிவிடக் கூடாது. காலத்தை என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு லட்சம் கட்டியதும் 474 மாதம் 258 ஆனது. பதினெட்டு வருடம் போயே போய்விட்டது. மந்திரம் மாதிரி இருக்கிறது, இல்லையா? மந்திரம் இல்லை. அந்த 474 அவ்வளவு அபத்தமாக இருந்ததால்தான் குறைப்பு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அசலில் விழுவது வெறும் 365 என்றிருக்கிற இடத்தில் எதைப் போட்டாலும் அது மலைதான்.

வீட்டில் ஐந்து தங்கக் காசு இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு சவரன். நகைக்கடைச் சீட்டில் வருடத்துக்கு ஒன்றாக மனைவி சேர்த்தது. சவரன் 45,000ஐ ஒட்டி ஓடுகிறது. விற்றால் இரண்டேகால் லட்சம். அதையும் போட்டுவிடலாம் என்று ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "அது மகளுக்கு" என்றாள். ரசம் ஊற்றினாள். அத்தோடு பேச்சு முடிந்தது. உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கிறாள் என்பது என் கருத்து. இங்கே பதிந்து வைக்கிறேன்.

18 ஜூன் 2023

இந்த மாதத்திலிருந்து இஎம்ஐயை 22,000 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்படியே போனால் நூறு மாதத்தில் முடியும். "மாதம் 8,367 கூடுதலாக எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு 58,000, மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 24,000. அம்மா எங்களோடு. மகள் ஐந்தாம் வகுப்பு. மனைவி பேரில் மூன்று லட்சத்துக்கு ஏலச் சீட்டு, மாதம் பத்தாயிரம், 2022 ஜனவரியில் ஆரம்பித்தது.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் லாங் சைஸ் நோட்டில் எல்லாவற்றையும் எழுதினோம். ஆப் எல்லாம் முயன்றேன், மூன்றாவது நாளே விட்டுவிட்டேன். நோட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கும், பேனாவை நூலில் கட்டியிருக்கும். பால்காரர் கணக்கு எழுதும் அம்மாவே இதையும் பார்த்துக்கொண்டார். நான் அலுவலகத்திலிருந்து வந்ததும், "இன்னிக்கு எவ்ளோ?" என்பார். டீ, பஜ்ஜி, எல்லாம் சொல்ல வேண்டும். ஒருநாள் கிண்டி ஸ்டேஷனில் குடித்த கரும்புச் சாறை மறைத்துவிட்டேன், மனசாட்சி உறுத்தி மறுநாள் சொன்னேன்.

பைக் கடன் மே மாதத்தோடு முடிந்தது: 2,870. வெளியே வாங்கித் தின்பது மாதம் 3,400 என்று நோட்டு சொன்னது, எங்களில் யாரும் நம்பவில்லை. ஆயிரமாகக் குறைத்தோம்: 2,400. ஒரு ஆர்டி, அதான் மாதாமாதம் வங்கியில் போடும் தொடர் வைப்பு, 3,000, அதை நிறுத்தினேன் (எஃப்டி கதைதான், குறைந்த வட்டிக்குச் சேமித்து அதிக வட்டிக்குக் கடன்). ஆக 8,270. பாக்கி 97 ரூபாய்க்குத்தான் அரை மணி நேரம் சண்டை.

நோட்டில் எழுதாமல் ஏமாற்றுவது மொய். வைகாசியில் மட்டும் நாலு கல்யாணம். ஒரு வீட்டுக்குக்கூட ஆயிரத்துக்குக் குறைத்து எழுத முடியாது, ஏனென்றால் அவர்கள் நமக்கு எழுதியது மொய் நோட்டில் இருக்கிறது. இதை "எதிர்பாராத செலவு" என்று இனி யாரும் சொல்லாதீர்கள். முகூர்த்த நாள் எல்லாம் காலண்டரில் அச்சாகியே வருகிறது. தையில், வைகாசியில், ஆவணியில் பணம் நிற்காது. ஆடியில் நிற்கும், தள்ளுபடிக் கடைப் பக்கம் போகாதவரை.

20 ஆகஸ்ட் 2023

நாம் ஏப்ரலில் புலம்பியது ரிசர்வ் வங்கிக்கே கேட்டிருக்கிறது போல. முந்தாநாள், 18ஆம் தேதி, சுற்றறிக்கை. வட்டி ஏறும்போது இஎம்ஐ கூடுமா, காலம் நீளுமா என்று கடன் வாங்கியவரிடம் தெரிவிக்க வேண்டும். இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்க விட வேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும், இடையில் எப்போது வேண்டுமானாலும் பகுதியாகவோ முழுதாகவோ அடைக்கவும் வழி இருக்க வேண்டும். காலத்தை நீட்டுகிறேன் என்று அசல் ஏறும் நிலைக்குக் கொண்டுபோய்விடக் கூடாது.

டிசம்பர் கடைசிக்குள் பழைய கடன்களுக்கும் இதைச் செய்ய வேண்டுமாம். அதுவரை காத்திருக்காதீர்கள். ஸ்டேட்மென்ட்டை எடுத்து வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று இன்றே பாருங்கள். அசல் நூற்றுக்கணக்கில் இருந்தால் இங்கே வந்து எழுதுங்கள், சேர்ந்து அழலாம்.

27 செப்டம்பர் 2023

மே மாதம் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை.

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். நடுராத்திரி வலி, ஆட்டோ, அட்மிட், மறுநாள் அறுவை சிகிச்சை. பில் 1,35,000. என் அலுவலகக் காப்பீட்டில் மனைவியும் மகளும் மட்டும்தான், பெற்றோர் கிடையாது. கையில் இருந்தது முப்பதாயிரம். எஃப்டி இருந்திருந்தால் காலையில் போனிலேயே உடைத்திருப்பேன். அதைத்தான் பெருமையாக மே மாதமே கடனுக்குள் போட்டாயிற்றே. உள்ளே போட்ட பணம் வெளியே வராது. நிலுவை குறைந்திருப்பதைக் காட்டி மருத்துவமனையில் அட்மிஷன் போட முடியாது.

மனைவி எதுவும் சொல்லவில்லை. கைகழுவும் இடத்தில் நின்று சோப்பு போட்டு நாலு வளையலையும் கழற்றினாள். மூன்றரைச் சவரன். வேறொரு வங்கியில் நகைக்கடன் 1,05,000. வளையல் இருந்த இடம் மணிக்கட்டில் வெளுத்துத் தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போகிறாள். "டீச்சர், அழகா இருக்கு" என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம்.

அம்மா நன்றாக இருக்கிறார். நோட்டில் அந்தப் பில்லைத் தன் கையாலேயே எழுதி, "என்னால" என்று பக்கத்தில் போட்டிருந்தார். அதை அடித்துவிட்டேன்.

30 செப்டம்பர் 2023

தனிச் செய்தியில் நிறைய அறிவுரை. இரண்டு எடுபடுகிறது.

ஒன்று, இஎம்ஐயை அதிகாரபூர்வமாக 22,000 ஆக்கியது தப்பு. பழைய 13,633லேயே விட்டுவிட்டு மிச்சத்தைக் கையால் கட்டியிருந்தால், இந்த மாதம் 8,367ஐ மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கலாம். இப்போது தவறினால் அது தவணை தவறியதாகி சிபில் கடன் மதிப்பெண் வரைக்கும் போகும். ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும்: கட்டாயம் இல்லையென்றால் மூன்றாவது மாதம் புது போன் வாங்கியிருப்பேன்.

இரண்டு, ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன். ஸ்டேட் பாங்கில் மேக்ஸ்கெய்ன் என்ற பெயரில் இருப்பது. கூடுதல் பணத்தை அந்தக் கணக்கில் போட்டால் அதற்கு வட்டி ஓடாது, அவசரத்துக்குத் திரும்ப எடுக்கலாம். வட்டி கொஞ்சம் கூட இருக்கும். 2021இல் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும், "அதெல்லாம் எதுக்கு" என்று 6.7ஐத்தான் பிடித்துத் தொங்கியிருப்பேன்.

14 நவம்பர் 2023

தீபாவளி போனஸ் 60,000 வந்தது. மொத்தமும் நகைக்கடனுக்கு. வீட்டுக் கடனுக்குப் பூஜ்யம்.

இன்னொரு விஷயம், இது பலருக்கும் பயன்படும். என் வங்கியே புதுசாக வருகிறவர்களுக்கு 8.6க்குக் கொடுக்கிறது. எனக்கு 9.2. ரெப்போ எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கு மேல் அவர்கள் சேர்க்கும் பங்கு எனக்கு 2.7, புதியவர்களுக்கு 2.1. பழைய வாடிக்கையாளருக்கு மரியாதை அவ்வளவுதான். கிளையில் கேட்டால் "சிஸ்டம் அப்படி". வேறு வங்கியிடம் கடனை மாற்றிக்கொள்வதற்கான ஒப்புதல் கடிதம் ஒன்று வாங்கி, மேஜையில் வைத்தேன். ஒரே வாரத்தில் சிஸ்டம் மாறியது. கட்டணம் ஜிஎஸ்டியோடு 5,900. இந்த மாதத்திலிருந்து 8.6. வருடத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் மிச்சம், ஆக எட்டு மாதத்தில் கட்டணம் திரும்பிவிடும். பஜ்ஜியை விட்டு மிச்சம் பிடித்ததைவிட இது சுலபம். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

2 பிப்ரவரி 2024

வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. போட்டுக்கொண்டு இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"வரிச்சலுகை போய்விடுமே" என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். என் சம்பளத்துக்கு இந்த நிதியாண்டில் புதிய வருமான வரி முறையில் வரி இல்லை என்றே சொல்லலாம், ஏழு லட்சம் வரை வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு. குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குப் புதிய முறையில் விலக்கும் இல்லை. இல்லாத வரிக்கு இல்லாத சலுகையை எதற்குப் பிடித்துக்கொள்ள வேண்டும்? பழைய முறையில் இருப்பவர், முப்பது சதவீதப் படியில் வரி கட்டுகிறவர் என்றால் அவர் கணக்கு வேறு. இரண்டு லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். அவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

16 ஜூன் 2024

சீட்டு முடிந்தது. கடைசி வரை எடுக்காமல் வைத்திருந்தோம். மூன்று லட்சத்தில் நிறுவனத்தின் கமிஷன் ஐந்து சதவீதம் போக 2,85,000. அப்படியே கடனில். நிலுவை 10.99 லட்சம். எட்டு இலக்கத்திலிருந்து ஏழு இலக்கத்துக்கு வந்தது என்று எழுத வந்தேன். எண்ணிப் பார்த்தால் 17 லட்சமும் ஏழு இலக்கம்தான், 11 லட்சமும் ஏழு இலக்கம்தான். சந்தோஷத்தில் தப்பு வரும்.

சீட்டு லாபமா என்றால், ஏலத் தள்ளுபடிப் பங்கு கழிந்து சராசரியாக மாதம் 8,700 கட்டினோம். கூட்டிப் பார்த்தால் ஏழு சதவீதத்தை ஒட்டி வருகிறது. கடன் 9.2இல் ஓடியபோது இது நஷ்டம்தான். நடுவில் ஏலத்தில் தள்ளி (தொகையைக் குறைத்துக் கேட்டு) எடுத்துக் கடனில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். தள்ளினால் போகும் தொகையையும் மனைவியின் முகத்தையும் சேர்த்துப் பார்த்தேன், வேண்டாம் என்று விட்டேன். பதிவு செய்த சீட்டு மட்டும் போடுங்கள், பக்கத்துத் தெரு அக்கா நடத்துவது எல்லாம் அவர் ஊரில் இருக்கும்வரைதான்.

சீட்டுக்குப் போன பத்தாயிரம் இனி மாதாமாதம் கடனுக்கு. இந்தத் தடவை இஎம்ஐயை ஏற்றவில்லை, கையால்தான் கட்டப்போகிறேன். செப்டம்பர் பாடம். அதற்கு முன்னால் ஒரு லட்சம் தனியாகச் சேரட்டும் என்றாள் மனைவி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதே என்றேன். தன் சம்பளத்திலிருந்து மாதம் நாலாயிரம் தனிக் கணக்குக்குப் போகும் என்று அறிவித்துவிட்டாள். அந்தக் கணக்கின் கார்டு என்னிடம் இல்லை.

22 செப்டம்பர் 2024

கையால் கட்டுகிறவர்கள் கவனம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் பத்தாயிரம் வீதம் ஆப் வழியாக அனுப்பினேன். "வெற்றி" என்று பச்சை டிக் வந்தது. இன்று ஸ்டேட்மென்ட் எடுத்தால் முப்பதாயிரமும் "உபரி" என்ற தலைப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அசலில் சேரவில்லை. அடுத்த தவணைக்கான முன்பணமாக எடுத்துக்கொண்டார்களாம். பகுதி அடைப்புக்கு வேறொரு மெனுவுக்குள் போக வேண்டும், மூன்று அடுக்கு உள்ளே.

மின்னஞ்சல், நினைவூட்டல், கிளைக்கு ஒரு நடை. கடைசியில் அந்தந்த மாதத் தேதியிலேயே அசலில் சேர்த்துக் கொடுத்தார்கள். நான் பார்க்காமல் விட்டிருந்தால்? கட்டின மறுநாள் நிலுவை குறைந்ததா என்று பார்க்காமல் படுக்காதீர்கள்.

10 நவம்பர் 2024

போனஸ் 70,000 போட்டேன், நிலுவை 9.07 லட்சம். இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மனைவியின் அண்ணன் கதை சொல்கிறேன், திருநெல்வேலியில் இருக்கிறார்.

பிப்ரவரியில் கடனை முழுதாக முடித்தார். கேசரி கிண்டி அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தார். பத்திரம் வரவில்லை. "மெட்ராஸ்ல இருந்து வரணும்", "ஆடிட் போகுது". கடன் முடிந்து 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கொடுத்த மறுநாள் பத்திரம் வந்தது, 41ஆம் நாள். "பதினொரு நாளுக்கு ஐம்பத்தைந்தாயிரம் கேட்கலையா?" என்றேன். "பத்திரம் கைக்கு வந்துச்சே, விடுங்க மாப்ளே" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதோடு முடியவில்லை. போன மாதம் வேறு எதற்கோ வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கிறார், அடமானம் அப்படியே நிற்கிறது. நம் ஊரில் வீட்டுக் கடன் எடுக்கும்போது பத்திர ஒப்படைப்பை, அதான் எம்ஓடி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறோம் இல்லையா. கடன் முடிந்ததும் அதற்கு ரசீது ஆவணம் ஒன்றைப் பதிந்தால்தான் அது கழியும். வங்கி அதிகாரி வந்து கையெழுத்துப் போட வேண்டும். நிலுவையில்லைச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டினாலும் வில்லங்கச் சான்றில் தானாக எதுவும் மாறாது. பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கேசரியை அதற்கப்புறம் கிண்டுங்கள்.

8 ஜூன் 2025

முந்தாநாள் ரெப்போ அரை சதவீதம் குறைந்து 5.5 ஆனது. பிப்ரவரியிலிருந்து கூட்டினால் மொத்தம் ஒரு சதவீதம். ஜூலையிலிருந்து என் வட்டி 7.6.

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், இரண்டு வருடம் கழித்து! "இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களா?" பாதி ஒப்புக்கொள்கிறேன். 9.2இல் அடைத்தது சரி. 7.6இல் அதே வெறியோடு அடைக்க வேண்டுமா என்பது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பிஎஃப் பணத்தை எடுத்து மொத்தமாக முடித்துவிடு என்று அலுவலக நண்பர் சொல்கிறார். பிஎஃப் 8.25 கொடுக்கிறது. அதை உருவி 7.6 கடனில் போடுவது, நான் 2021இல் எஃப்டி வைத்திருந்த அதே முட்டாள்தனத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி. தொடவில்லை.

இருந்தாலும் மாதம் பத்தாயிரத்தை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் கணக்கில் பதில் இல்லை. 2023 ஏப்ரலில் வட்டி 13,268, அசல் 365. இந்த மாதம் வட்டி 5,220, அசல் 26,780. ஒவ்வொரு மாதமும் 6ஆம் தேதி காலை இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். "இது ஏறுது, இது எறங்குது" என்பார். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

25 அக்டோபர் 2025

போனஸ் 80,000. நிலுவை 5.33 லட்சம். தனிக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். "போதுமான அளவு" என்றாள்.

16 டிசம்பர் 2025

நேற்று சென்னையில் தங்கம் சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இப்போது 3 மே 2023 குறிப்புக்குப் போங்கள். "உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கிறாள் என்பது என் கருத்து. இங்கே பதிந்து வைக்கிறேன்." யாரும் தேடிச் சிரமப்பட வேண்டாம், நானே எடுத்துப் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஐந்து காசையும் விற்று இரண்டேகால் லட்சத்தைக் கடனில் போட்டிருந்தால் இதுவரை மிச்சமாகியிருக்கும் வட்டி சுமார் 57,000. எக்செல்லில் பார்த்துவிட்டேன். ஆக மொத்தம் 2.82 லட்சம். காசுகளின் இன்றைய மதிப்பு ஐந்து லட்சம். என் கடனில் இன்றைய நிலுவை 4.76 லட்சம். அவள் முடியாது என்று சொல்லி ரசம் ஊற்றிய அந்த ஒரு நிமிடத்துக்கு, நான் இரண்டரை வருடம் விட்ட பஜ்ஜி ஈடாகாது.

"அதிர்ஷ்டம்தானே, தங்கம் இறங்கியிருந்தால்?" என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், அதிர்ஷ்டம்தான். அவள் விலை ஏறும் என்று வைத்திருக்கவில்லை. ஏறாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

17 டிசம்பர் 2025

கேட்டே விட்டேன். இப்போது விற்றால் கடன் இந்த வாரமே முடியும், கையில் இருபதாயிரத்துக்கு மேல் நிற்கும், பத்திரம் ஜனவரிக்குள் வீட்டுக்கு வரும், 7.6க்கு வட்டி கட்டுவது நிற்கும். எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினேன். முழுதாகப் படித்தாள். "இதே மாதிரி ஒரு தாள் போன தடவையும் காட்டினீங்க" என்றாள்.

6 ஜனவரி 2026

விற்கவில்லை. டிசம்பரில் ரெப்போ 5.25 ஆனதில் என் வட்டி 7.35. நேற்று போன தவணையும் கையால் கட்டியதும் கழித்து நிலுவை 4.47 லட்சம். வட்டி 2,910, அசல் 29,090. இதே வேகத்தில் 2027 ஏப்ரல்.

தங்கக் காசுகள் அலமாரியிலிருந்து வங்கி லாக்கருக்குப் போய்விட்டன. என் வங்கி இல்லை, வேறு வங்கி. சாவி எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.